‘அக்செப்ட் அண்ட் அப்வர்டு’ என்றால் என்ன? டி.என்.இ.ஏ. கலந்தாய்வுச் சேவை, ஒரு விமர்சனம்

பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் ரேங்க் லிஸ்ட் வந்த நாளிலிருந்து பேச்செல்லாம் கவுன்சிலிங் பற்றித்தான். தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு (டி.என்.இ.ஏ.) 2018இல் இணையத்துக்கு மாறியது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. அதற்கு முன்பெல்லாம் ஊரிலிருந்து இரவு பஸ் ஏறி, அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் காத்திருந்து, திரை முன்னால் உட்கார்ந்த சில நிமிடங்களில் நான்காண்டுப் படிப்பை முடிவு செய்ய வேண்டும். இப்போது பதிவுக் கட்டணம் 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.சி.ஏ., எஸ்.டி. பிரிவினருக்கு 250 ரூபாய். வீட்டிலிருந்தபடியே விருப்பப் பட்டியலைப் போடலாம், மாற்றலாம், வீட்டாரோடு உட்கார்ந்து பேசலாம். பட்டியலுக்கு எண்ணிக்கை வரம்பும் கிடையாது.

இந்தச் சேவையின் கணக்கு மிக நல்லது. இட ஒதுக்கீட்டு முறையில் ஓட்டை கிடையாது, சிபாரிசுக்கு வேலையும் கிடையாது. அப்படியிருந்தும் ஒவ்வோராண்டும் நல்ல ரேங்க் வைத்திருக்கும் பிள்ளைகள் தங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய இடத்தைத் தாங்களே தவறவிடுகிறார்கள். காரணம் இரண்டு. அவசரத்தில் மனம் எடுக்கும் குறுக்குவழிகள் ஒன்று. திரையிலும் கல்லூரிக் கையேட்டிலும் இருக்கும் சொற்கள் இன்னொன்று. சேவையை இந்தக் கோணத்திலிருந்து பார்த்தவர்கள் குறைவு என்பதால் அதையே விரிவாக எடுத்துக்கொள்வோம்.

வரிசை: எங்கே தவறுகிறது

கட்-ஆஃப், அதாவது ரேங்க் போடப் பயன்படும் மாணவரின் மதிப்பெண், 200க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அதன்படி ரேங்க். கணினி முதல் ரேங்க்காரரின் பட்டியலை எடுத்து, மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் காலியாக இருக்கும் இடத்தைக் கொடுக்கிறது. பிறகு இரண்டாம் ரேங்க், மூன்றாம் ரேங்க் என்று போகிறது. உங்கள் முறை வரும்போது உங்கள் முதல் விருப்பத்தில் பொதுப் பிரிவிலோ உங்கள் இனப் பிரிவிலோ இடம் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அது உங்களுக்கு. இல்லையென்றால் இரண்டாவது விருப்பம். அவ்வளவுதான்.

இதிலிருந்து தெரிய வேண்டியது இது: ஒரு கல்லூரியை முதலில் போட்டதால் மற்றவற்றில் உங்கள் வாய்ப்பு எள்ளளவும் குறையாது. எந்தக் கல்லூரிக்கும் உங்கள் வரிசை தெரியாது. உங்களுக்குப் பின்னால் இருக்கும் ரேங்க்காரர், நீங்கள் ஐம்பதாவதாகப் போட்ட இடத்தைத் தன் முதல் விருப்பமாகப் போட்டாலும் உங்கள் முறை முடிந்த பிறகுதான் அவர் முறை. ஆகவே மனத்தில் எந்த வரிசையோ அதுவே பட்டியலிலும் இருக்க வேண்டும். ‘கிடைக்கிறதை முதலில் போடு, ஆசைப்படுவதைப் பின்னால் போடு’ என்ற பேச்சுக்கு இந்த முறையில் இடமே இல்லை.

ஆனாலும் பாதுகாப்பான கல்லூரியை முதலில் போடும் பழக்கம் போகவில்லை. இது பள்ளியில் ஊட்டிய பழக்கம். ‘தெரிந்த கேள்வியை முதலில் எழுது, தெரியாததைக் கடைசியில் பார்த்துக்கொள்’ என்று பன்னிரண்டு வருடம் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். தேர்வறையில் அது சரி, அங்கே நேரம் தீர்ந்துபோகும். விருப்பப் பட்டியலில் தீர்ந்துபோக எதுவும் இல்லை. ஓரிடத்தில் பயன் தந்த குறுக்குவழியை மனம் கேட்காமலே இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகிறது. விளைவு: முதல் விருப்பமாகப் போட்ட ‘உறுதியான’ கல்லூரி கிடைத்துவிடும், அதற்குக் கீழே இருந்த ஆசைப்பட்ட கல்லூரியில் இடம் காலியாக இருந்தும் கணினி அதைத் திரும்பிப் பார்க்காது.

கேள்வியின் வடிவமும் இங்கே வேலை செய்கிறது. ‘உனக்கு எது கிடைக்கும்?’ என்று அப்பா கேட்டால் பிள்ளை போன வருடக் கட்-ஆஃப் பட்டியலை, அதாவது ஒவ்வோர் இடத்திலும் கடைசியாகச் சேர்ந்தவரின் மதிப்பெண் பட்டியலை, தேடும். ‘இந்த இரண்டு இடத்தையும் கையில் கொடுத்தால் எதை எடுப்பாய்?’ என்று கேட்டால் அதே பிள்ளை வேறு பதில் சொல்லும். விருப்ப வரிசைக்கு இரண்டாவது கேள்விதான் சரியானது.

நடைமுறையில் செய்ய வேண்டியது இப்படி. ஒரு நோட்டுத் தாளைத் துண்டுகளாகக் கிழித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கல்லூரியும் ஒரு பிரிவும் எழுதுங்கள். ‘கல்லூரி அ, மெக்கானிக்கல்’ ஒரு துண்டு, ‘கல்லூரி அ, சிவில்’ இன்னொரு துண்டு. முதல் துண்டை மேசையில் வையுங்கள். அடுத்த துண்டை எடுத்து, ஏற்கெனவே வைத்தவற்றோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, மேலேயா கீழேயா என்று மட்டும் கேட்டுச் செருகுங்கள். 60, 70 துண்டு என்றால் இரண்டு மாலை நேரம் போதும். கட்-ஆஃப் தாளை அந்த நேரத்தில் மூடி வைத்துவிடுங்கள். எந்தத் துண்டைப் பார்க்கும்போது ‘இது கிடைத்தால் போகமாட்டேன்’ என்று தோன்றுகிறதோ அதைக் கிழித்துப் போடுங்கள். பட்டியலை நீட்ட வேண்டும் என்பதற்காகப் போகாத கல்லூரியைச் சேர்த்தால் அதுவே விழும், பிறகு ஒரு சுற்று (ரேங்க் வாரியாகப் பிரித்து நடத்தும் கலந்தாய்வுக் கட்டம்) வீணாகும்.

கட்-ஆஃப் தாள் பிறகு எதற்கு? பட்டியல் எவ்வளவு தூரம் கீழே போக வேண்டும் என்று பார்க்க. வரிசையை மாற்ற அல்ல.

போன வருட எண் என்ற நங்கூரம்

1974இல் டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் உயர்நிலைப்பள்ளி மாணவர்களை வைத்துச் செய்த சோதனை ஒன்றை வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு 8×7×6×5×4×3×2×1, இன்னொரு குழுவுக்கு 1×2×3×4×5×6×7×8. ஐந்து நொடியில் உத்தேச விடை சொல்ல வேண்டும். எட்டில் தொடங்கியவர்களின் இடைநிலை விடை 2,250. ஒன்றில் தொடங்கியவர்களுக்கு 512. சரியான விடை 40,320. கண்ணில் முதலில் பட்ட எண்ணில் மனம் நங்கூரம் போட்டுவிடுகிறது. அங்கிருந்து கொஞ்ச தூரம்தான் நகர்கிறது.

போன வருடக் கட்-ஆஃப் இப்படிப்பட்ட நங்கூரம்தான். ‘போன வருஷம் 187க்கு மூடியது, என் கட்-ஆஃப் 185.5, எனவே கிடைக்காது’ என்று கல்லூரியையே விட்டுவிடுகிறார்கள். மதிப்பெண் ஆண்டுக்கு ஆண்டு ஒரே அளவுகோல் அல்ல. கணித வினாத்தாள் எளிதாக இருந்த ஆண்டில் எல்லோருடைய கட்-ஆஃபும் ஏறும். 2021இல் கொரோனாவால் பிளஸ் டூ பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன், செய்முறை, உள்மதிப்பீடு ஆகியவற்றை வைத்து மதிப்பெண் போட்டார்கள். அந்த ஆண்டின் எண்ணை மற்ற ஆண்டோடு ஒப்பிடுவது எடைக்கல்லை மாற்றிவிட்டு எடை பார்ப்பது மாதிரி.

ஒப்பிட வேண்டியது ரேங்க். போன ஆண்டு அந்தக் கல்லூரியில், அந்தப் பிரிவில், உங்கள் இனப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரின் ரேங்க் என்ன, உங்கள் ரேங்க் என்ன என்று பாருங்கள். மூன்று ஆண்டு பார்த்தால் நல்லது, 2021 தவிர்த்து. பி.சி. மாணவர் பி.சி. பத்தியை மட்டும் பார்ப்பது இன்னொரு பிழை. பொதுப் பிரிவு இடங்கள் எல்லோருக்கும் உரியவை. இரண்டு பத்தியையும் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தனிக் கணக்கு.

கட்-ஆஃபில் இருக்கும் அரை மதிப்பெண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. இயற்பியலையும் வேதியியலையும் இரண்டால் வகுப்பதால் கட்-ஆஃப் 0.5 படியாகத்தான் ஏறும். 80க்கும் 200க்கும் இடையே 241 படிகள்தான் உள்ளன. 2024 ரேங்க் லிஸ்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர். சராசரியாகப் பார்த்தாலே ஒரு படியில் 800 பேருக்கு மேல் நிற்கிறார்கள், நடுப்பகுதியில் இன்னும் நெருக்கம். ஒரே கட்-ஆஃப் உள்ளவர்களில் யார் முன்னே என்பதைக் கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண் என்று வரிசையாகப் பார்த்துக் கடைசியில் ரேண்டம் எண் வரை போய்த் தீர்மானிக்கிறார்கள். ஆகவே ‘அரை மார்க்தானே’ என்பதும் தப்பு, ‘அதே கட்-ஆஃப் உள்ள என் நண்பனுக்குக் கிடைத்தது’ என்பதும் தப்பு.

இந்த விஷயத்தில் சேவையின் மேல் ஒரு வருத்தம் உண்டு. பேச்சிலும் பட்டியலிலும் கட்-ஆஃப் மதிப்பெண்தான் முன்னால் நிற்கிறது, ரேங்க் பின்னால் போய்விடுகிறது. முதலில் கண்ணில் படுவது ரேங்க் ஆக இருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

குறியீடும் அடைப்புக்குறியும்

கல்லூரிக்கு எண், பிரிவுக்கு இரண்டு எழுத்து. கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி 2005, பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 2006. ஒரே ஓர் இலக்கம் தவறினால் வேறு கல்லூரி. எண்ணை மனப்பாடமாகத் தட்டாமல், பெயரைப் படித்துச் சேருங்கள்.

மாவட்டம் வாரியாக வடிகட்டிப் பார்த்து, திரையில் வந்த வரிசையிலேயே ‘ஆட்’ அழுத்திக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் பட்டியல் குறியீட்டு எண் வரிசையில் போய் நிற்கும். வரிசையை மாற்ற வசதி இருக்கிறது, ஆனால் மாற்றாமல் விட்டால் யாரும் எச்சரிப்பதில்லை. எதையும் தொடாமல் விட்டால் எது நிற்குமோ அதுவே முடிவாகிவிடும் என்பது மனித இயல்பு. பட்டியலில் கல்லூரி எண்கள் சீராக ஏறிக்கொண்டே போனால் அது உங்கள் விருப்பம் அல்ல, குறியீட்டின் விருப்பம்.

பிரிவுப் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ‘எஸ்.எஸ்.’ என்று இருந்தால் சுயநிதிப் பிரிவு என்று பொருள். அரசு உதவி பெறும் புகழ்பெற்ற கல்லூரியிலும் அந்தப் பிரிவுக்குக் கட்டணம் அதிகம். அந்த இரண்டு எழுத்தைக் கவனிக்காமல் போட்டுவிட்டு, கட்டணம் கட்டும் நாளில் திகைக்கிற குடும்பங்கள் உண்டு. ‘தமிழ் வழி’ என்றும் சில பிரிவுகளில் இருக்கும். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ் வழியில் தொடங்கியது. வேண்டும் என்று தேர்ந்தால் நல்லது, தெரியாமல் போய் விழக் கூடாது.

ஐந்து பொத்தான்கள்

இனி இந்தச் சேவையின் மிகக் கடினமான திரைக்கு வருவோம். ‘டென்டேடிவ்’ எனப்படும் தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறுகிய அவகாசத்துக்குள் ஒரு முடிவைச் சொல்ல வேண்டும். ‘அக்செப்ட் அண்ட் ஜாயின்’, ‘அக்செப்ட் அண்ட் அப்வர்டு’, ‘டிக்ளைன் அண்ட் அப்வர்டு’, ‘டிக்ளைன் அண்ட் மூவ் டு நெக்ஸ்ட் ரவுண்ட்’, ‘டிக்ளைன் அண்ட் குவிட்’. பதினேழு வயதுப் பிள்ளை, அதிலும் தமிழ் வழியில் படித்த பிள்ளை, இந்த ஐந்தையும் பிரித்துப் புரிந்துகொள்வது சுலபம் அல்ல. ஒவ்வொன்றையும் விளைவாகச் சொன்னால் இப்படி வரும்.

முதலாவது: ‘கிடைத்த இடம் போதும். மேலே இருப்பது காலியானாலும் எனக்கு வேண்டாம்.’ குறித்த நாளுக்குள் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும்.

இரண்டாவது: ‘கிடைத்த இடம் என்னுடையது. என் பட்டியலில் இதற்கு மேலே நான் போட்டிருப்பவற்றில் ஏதாவது காலியானால் அதைக் கொடுங்கள். காலியாகாவிட்டால் இதிலேயே சேர்கிறேன்.’ இதற்கு டி.எஃப்.சி. எனப்படும் உதவி மையத்துக்குப் போய்க் குறித்த நாளுக்குள் கட்டணம் செலுத்த வேண்டும். மேலே கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகப் போய்விடும். திரும்பக் கேட்க முடியாது.

மூன்றாவது: ‘கிடைத்த இடம் வேண்டவே வேண்டாம். மேலே காலியானால் மட்டும் கொடுங்கள்.’ காலியாகவில்லை என்றால் இந்தச் சுற்றில் கையில் ஒன்றும் இருக்காது.

நான்காவது: ‘இதை விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகிறேன்.’ அங்கே உங்கள் ரேங்க் முன்னால் நிற்கும் என்பது உண்மை, ஆனால் இந்தச் சுற்றில் போன நல்ல இடங்கள் அங்கே வராது. ஐந்தாவது: கலந்தாய்விலிருந்தே விலகல்.

இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே ‘அப்வர்டு’ என்ற சொல்லில் முடிகின்றன. வேறுபாடு முதல் சொல்லில் இருக்கிறது. அவசரத்தில் கண் கடைசிச் சொல்லைத்தான் பிடிக்கும். ‘அப்வர்டு போட்டிருக்கேன்’ என்று சொல்லும் மாணவரிடம் எந்த அப்வர்டு என்று கேளுங்கள். ஒன்று இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்ப்பது. இன்னொன்று இடத்தைக் கீழே போட்டுவிட்டு மேலே பார்ப்பது.

இன்னொரு தவறு அதற்கு நேர் எதிரானது. ‘அப்வர்டு போட்டால் கையில் இருப்பதும் போய்விடுமோ’ என்று பயந்து ‘அக்செப்ட் அண்ட் ஜாயின்’ அழுத்துவது. இந்தப் பயத்துக்கு அடித்தளம் என்ன என்பதை 1981இல் ட்வெர்ஸ்கியும் கானமனும் காட்டிவிட்டார்கள். ஒரு நோய் 600 பேரைக் கொல்லும் என்று எதிர்பார்க்கப்படுகிறது, இரண்டு திட்டங்கள் உள்ளன என்று ஸ்டான்ஃபோர்டு, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்களிடம் சொன்னார்கள். ஒரு குழுவிடம்: முதல் திட்டத்தில் 200 பேர் காப்பாற்றப்படுவார்கள், இரண்டாவதில் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு 600 பேரும் பிழைக்க, மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு யாரும் பிழைக்காமல் போக. 72 சதவீதம் பேர் உறுதியான முதல் திட்டத்தை எடுத்தார்கள். இன்னொரு குழுவிடம் அதே திட்டங்களை இறப்புக் கணக்கில் சொன்னார்கள்: முதலாவதில் 400 பேர் இறப்பார்கள்; இரண்டாவதில் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு யாரும் இறக்காமல் இருக்க. இப்போது உறுதியான திட்டத்தை எடுத்தவர்கள் 22 சதவீதம்தான். எண்கள் மாறவில்லை. ‘காப்பாற்றப்படுவார்கள்’ என்பது ‘இறப்பார்கள்’ ஆனது, அவ்வளவே.

‘ஜாயின்’ என்ற சொல் பெறுவதைச் சொல்கிறது, பிள்ளை அமைதியாகிறது. ‘அப்வர்டு’ என்றதும் ஏதோ சூதாட்டம் போலத் தோன்றுகிறது. உண்மையில் ‘அக்செப்ட் அண்ட் அப்வர்டு’ சூதாட்டமே இல்லை. கட்டணத்தை நேரத்துக்குள் கட்டினால், ஒன்று இருக்கிற இடம் நிலைக்கும், அல்லது நீங்களே அதற்கு மேல் என்று எழுதிய இடம் வரும். மூன்றாவது முடிவு கிடையாது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பட்டியல் உண்மையான விருப்ப வரிசையில் இருக்க வேண்டும். ஊர்ப் பேச்சுக்காகவோ மாமா சொன்னதற்காகவோ போகவே விரும்பாத பெரிய பெயரை மேலே போட்டிருந்தால், அப்வர்டு உங்களை அங்கேதான் தூக்கிப்போடும். வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல கல்லூரியில் இ.சி.இ. கிடைத்திருக்கும். அதற்கு மேலே எண் வரிசைப்படி விழுந்துகிடந்த தொலைதூரக் கல்லூரி சிவில் காலியாகி அது வந்து சேரும், பழையது போய்விடும். ‘கணினி என் சீட்டைப் பிடுங்கிக்கொண்டது’ என்று புகார் வரும் இடங்களில் பெரும்பாலும் நடந்தது இதுதான். ஒதுக்கீடு வந்த பிறகு பட்டியலைத் திருத்த முடியாது. அதனால் அப்வர்டு அழுத்தும் முன், ஒதுக்கப்பட்ட இடத்துக்கு மேலே இருக்கும் ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படித்து, ‘இது வந்தால் போவாயா?’ என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். ஒரு வரிக்காவது ‘மாட்டேன்’ என்று பதில் வந்தால் ‘அக்செப்ட் அண்ட் ஜாயின்’தான் சரி.

இரண்டு இயந்திரத் தவறுகளையும் சொல்லிவிடுவோம். ஐந்தில் எதையும் அழுத்தாமல் விட்டால் ‘ஒதுக்கீடு வந்துவிட்டது, போதும்’ என்று பொருள் ஆகாது. இடம் போய்விடும். அப்வர்டு அழுத்திவிட்டு உதவி மையத்தில் பணம் கட்டாவிட்டாலும் இடம் போய்விடும். ‘டென்டேடிவ்’ வேறு, ‘ப்ரொவிஷனல்’ வேறு. முதலாவது உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் ஒதுக்கீடு. இரண்டாவது பதில் சொன்ன பிறகு வரும் ஆணை. தமிழில் இரண்டுக்கும் ‘தற்காலிக ஒதுக்கீடு’ என்றே பலரும் சொல்வதால் முதலாவது தாளை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

கையேட்டுச் சொற்கள்

பட்டியல் போடும் நாட்களில் வீட்டுக்கு வரும் வழவழப்பான கையேடுகளும் இந்தச் சேவையோடு ஒட்டிக்கொண்டு வருபவை. அங்கே பெரிய எழுத்தில் இருப்பது ‘95 சதவீத பிளேஸ்மென்ட்’. எதில் 95 என்று கேட்க வேண்டும். ஓர் உதாரணக் கணக்கு: முதலாண்டில் சேர்ந்தவர்கள் 480. நான்கு ஆண்டில் அரியர் இல்லாமல் முடித்தவர்கள் 360. நிறுவனங்கள் கேட்ட தகுதி மதிப்பெண் இருந்து, பெயரும் பதிந்தவர்கள் 200. வேலை கிடைத்தவர்கள் 190. 200இல் 190 என்றால் 95 சதவீதம். 480இல் 190 என்றால் 40 சதவீதத்துக்கும் கீழே. இரண்டும் பொய்யில்லை. உங்கள் பிள்ளை சேரும்போது அந்த 480இல் ஒருவராகத்தான் சேர்கிறது.

சரியான எண்ணைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. என்.ஐ.ஆர்.எஃப். எனப்படும் மத்திய அரசின் தரவரிசைக்குக் கல்லூரிகள் அனுப்பும் தரவுத் தாள் பொதுவில் கிடைக்கும். அதில் முதலாண்டில் சேர்ந்தவர்கள், பக்கவாட்டுச் சேர்க்கை (டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாமாண்டில் சேர்பவர்கள்), குறித்த காலத்தில் முடித்தவர்கள், வேலை பெற்றவர்கள், மேற்படிப்புக்குப் போனவர்கள், இடைநிலைச் சம்பளம் ஆகியவை தனித்தனிப் பத்திகளாக இருக்கும். வேலை பெற்றவர்களையும் மேற்படிப்புக்குப் போனவர்களையும் கூட்டி, சேர்ந்தவர்கள், பக்கவாட்டுச் சேர்க்கை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். கல்லூரியே தரும் தரவுதான் என்றாலும், கையேட்டைவிட இதில் மறைக்க இடம் குறைவு. ‘ஹையஸ்ட் பேக்கேஜ்’ ஒருவருடைய சம்பளம். இடைநிலைச் சம்பளம் என்பது வேலை பெற்றவர்களை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவருடையது. கண்ணில் நிற்பது முதலாவது, கணக்குக்கு உதவுவது இரண்டாவது.

நாக் (NAAC) என்ற மதிப்பீட்டு அமைப்பு தரும் தரம் கல்லூரி முழுமைக்கும் உரியது. என்.பி.ஏ. என்ற இன்னோர் அமைப்பின் அங்கீகாரம் ஒவ்வொரு பிரிவுக்கும் தனி, அதற்குக் காலக்கெடுவும் உண்டு. ‘என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்ற கல்லூரி’ என்று இருந்தால் எந்தப் பிரிவுக்கு, எந்த ஆண்டு வரை என்று கேளுங்கள். ‘அண்ணா யுனிவர்சிட்டி காலேஜ்’ என்ற பேச்சும் அப்படித்தான். பல்கலைக்கழகத் துறைகள் வேறு, உறுப்புக் கல்லூரி வேறு, இணைப்புப் பெற்ற தனியார் கல்லூரி வேறு.

பிரிவுப் பெயர்களில் ‘ஏ.ஐ.’ என்ற இரண்டெழுத்து இருந்தாலே வேலை உறுதி என்று தோன்றுகிறது. பெயர் எதைப்போல ஒலிக்கிறதோ அதுவாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்வது மனத்தின் இன்னொரு குறுக்குவழி. உதாரணத்துக்கு அண்ணா பல்கலையின் 2021 ஒழுங்குமுறைப் பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள். முதல் பருவத்தில் கணிதம், இயற்பியல், வேதியியல், பைத்தான், ஆங்கிலம், தமிழர் மரபு என்று பிரிவுகளுக்குப் பொதுவான பாடங்களே பெரும்பாலும் இருந்தன. வேறுபாடு ஐந்தாம் பருவத்தை ஒட்டி வரும் விருப்பப் பாடங்களில் தெரியும். அந்தப் பாடங்களை நடத்த ஆசிரியர் இருக்கிறாரா என்பதுதான் கல்லூரியில் கேட்க வேண்டிய கேள்வி.

மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு முன்பணம் கேட்கும் தொலைபேசிகளைப் பற்றிக் கொஞ்சம். ‘இன்னும் இரண்டு சீட்தான் இருக்கு, இன்று கட்டினால் சலுகை’ என்பார்கள். 1992இல் ட்வெர்ஸ்கியும் எல்டார் ஷஃபீரும் மாணவர்களிடம் ஒரு கேள்வி வைத்தார்கள்: கடினமான தேர்வு முடிந்திருக்கிறது, ஹவாய்ச் சுற்றுலா மலிவு விலையில் வருகிறது, வாங்குவீர்களா? தேர்ச்சி என்று தெரிந்தவர்களில் 54 சதவீதமும் தோல்வி என்று தெரிந்தவர்களில் 57 சதவீதமும் வாங்குவதாகச் சொன்னார்கள். முடிவு தெரியாத குழுவில் வாங்குவதாகச் சொன்னவர்கள் 32 சதவீதம்தான். 61 சதவீதம் பேர், திருப்பித் தரப்படாத 5 டாலரைக் கட்டி முடிவை ஒத்திவைப்பதாகச் சொன்னார்கள். முடிவு எதுவானாலும் செய்யப்போவது ஒன்றே என்றிருந்தும் காத்திருக்கப் பணம் கொடுக்க மனம் தயாராகிறது. ரேங்க் வரும் முன் கட்டும் முன்பணத்தில் பெரும்பகுதி இப்படிப் போவதுதான். ‘கலந்தாய்வில் நல்ல இடம் கிடைத்தால் என்ன செய்வோம், கிடைக்காவிட்டால் என்ன செய்வோம்’ என்று இரண்டு பதிலையும் முன்கூட்டி எழுதிப் பாருங்கள். இரண்டிலும் அந்த இடம் வராவிட்டால் முன்பணம் தேவையில்லை. கட்டிவிட்டவர்களுக்கும் வழி உண்டு: வகுப்பு தொடங்கும் முன் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் நடைமுறைக் கட்டணம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும், அசல் சான்றிதழ்களையும் தர வேண்டும் என்பது ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) விதி. ‘கட்டின காசு போயிடுமே’ என்பதற்காகக் கலந்தாய்வில் கிடைத்த நல்ல இடத்தை விட்டுவிடாதீர்கள். முதல் பட்டதாரிச் சலுகை கலந்தாய்வு வழி இடத்துக்குத்தான், மேனேஜ்மென்ட் இடத்துக்குக் கிடையாது.

மதிப்பீடு

ஒதுக்கீட்டுக் கணக்குக்கு ஐந்துக்கு ஐந்து. பட்டியல் போடும் வசதிக்கு நான்கு. உறுதி செய்யும் திரைக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. அந்த ஐந்து பொத்தான்களுக்குப் பக்கத்திலும் ‘இதை அழுத்தினால் இந்த இடம் உங்களிடம் இருக்கும்’ அல்லது ‘இந்த இடம் உங்களிடம் இருக்காது’ என்று தமிழில் ஒரே வரி, கல்லூரிப் பெயரோடு வந்தால் போதும். அப்வர்டு அழுத்தும்போது மேலே இருக்கும் விருப்பங்கள் முழுவதும் திரையில் விரிந்தால் இன்னும் நல்லது. மென்பொருளில் பெரிய வேலை இல்லை.

அது வரும்வரை வீட்டில் செய்யக்கூடியது: விருப்பம் பதிய ஏறத்தாழ மூன்று நாள் தருகிறார்கள். இரண்டாம் நாள் இரவுக்குள் பட்டியலை முடித்து, அச்செடுத்து, அதைப் போடாத ஒருவரிடம் கொடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரை கல்லூரிப் பெயர், பிரிவு, அடைப்புக்குறி எல்லாம் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். போட்டவர் கண்ணுக்குத் தெரியாத 2005, 2006 குழப்பம் கேட்பவர் காதில் விழும். மூன்றாம் நாள் மாலை கடைசி மணியில் தளம் நெரிசலாக இருக்கும். அந்த நேரத்தை ஓரிரு வரி மாற்றுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஓ.டி.பி. வரும் கைபேசி பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும், பிரவுசிங் சென்டர்காரரிடம் கொடுத்துவிட்டு வர வேண்டாம்.